செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்: கோளாறை வச்சே வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது எப்படி

கையில இருக்குற காசுக்கு புதுசா ஒரு மலிவு கிட்டார் வாங்குறதா, இல்ல அதே காசுக்கு ஒரு படி மேல உள்ள மாடலை செகண்ட் ஹேண்ட்ல புடிக்கிறதான்னு கேட்டா என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான். ஃபெண்டர் வாங்க முடியலையா, அவங்களோடதே 1982ல இருந்து வர்ற ஸ்குவயர் இருக்கு, அதுல கிளாசிக் வைப் சீரிஸ் கிடைச்சா சந்தோஷமா வாங்கலாம். கிப்சனுக்கு எபிஃபோன், அதுவும் 1957ல இருந்தே கிப்சன் கம்பெனி கையிலதான் இருக்கு. இது ரெண்டும் வேணாம்னா 1990ல வந்த யமஹா பசிஃபிகா, ஐபனெஸ், பிஆர்எஸ் எஸ்இ. இதெல்லாம் மூணு நாலு வருஷம் ஒருத்தர் வாசிச்சுட்டு அலமாரி மேல போட்டு வச்சிருப்பார், மொதல் விலைச் சரிவை அவர் தாங்கிட்டாரு, நமக்கு அது மிச்சம்.

பிரச்சனை என்னன்னா போய் எடுத்து வாசிச்சா ஏதோ ஒரு கோளாறு கண்டிப்பா இருக்கும். கர்ர்னு அடிக்கும், சுருதி நிக்காது, ஆம்ப்ல சத்தம் விட்டு விட்டு வரும். விக்கிறவர் "ஸ்ட்ரிங் மாத்தினா சரியாயிரும்"னு சொல்வார், பாதி நேரம் அது உண்மையும் கூட. மீதி பாதி நேரத்துலதான் காசு போகுது. நான் எல்லாக் கோளாறையும் மூணா பிரிச்சுப் பார்ப்பேன். ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ வச்சு சரி பண்றது ஒண்ணு, இது இருந்தா பேரம் பேசி வாங்கிரலாம். சால்டரிங் வேலை ஒண்ணு, இதுவும் பயப்பட வேணாம், ஒயரும் ஜாக்கும் மலிவு. மூணாவது மரமும் ஃப்ரெட்டும் (கழுத்து மாதிரி நீண்ட நெக் மேல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை), இதுல கை வச்சா கிட்டார் விலையை விட ரிப்பேர் செலவு ஜாஸ்தியாகுற வாய்ப்பு இருக்கு. சிக்கல் எங்கன்னா, காதுக்கு ஒரே மாதிரி கேக்குற சத்தம் இந்த மூணுல எதுவாவும் இருக்கலாம், அதனால எந்த வகைன்னு அங்கயே நின்னு கண்டுபிடிக்கணும்.

போகும்போது நீங்க நம்புற ஒரு கேபிள், ஃபோன்ல ட்யூனர் ஆப், சின்ன ஸ்க்ரூ டிரைவர், காலாவதியான ஏடிஎம் கார்டு ஒண்ணு, முடிஞ்சா மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. முன்னாடியே சொல்லி ஆறு கம்பியும் மாட்டி வைக்கச் சொல்லுங்க. கம்பி இல்லாத கிட்டாரைப் பார்த்து நெக் நேரா இருக்குன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, கம்பியோட இழுவை விழுந்தாதான் நெக் தன் நிஜ குணத்தைக் காட்டும். அதே காரணத்துக்காக மொதல் வேலை ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல வைக்கிறது. சிலர் தளர்த்தி வச்சுக் காட்டுவாங்க, தெரிஞ்சு செய்றாங்களா தெரியாமலான்னு ஆராயாம நீங்களே ட்யூன் பண்ணிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் விட்டு ஆரம்பிங்க.

கம்பி கர்ர்னு அடிக்குது

இதுதான் ரொம்ப காமன், இதுலதான் ரொம்ப நல்ல டீலும் இருக்கு. மொதல்ல ஆம்ப் இல்லாம ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா நிதானமான பலத்துல வாசிச்சுட்டுப் போங்க. லேசா அடிக்குறது ஆம்ப்ல கேக்கலைன்னா அதை விட்டுருங்க, கம்பியைத் தாழ்வா வச்ச எந்த எலெக்ட்ரிக் கிட்டார்லயும் அவ்வளவு இருக்கும். ஆம்ப்ல கேட்டா, இல்ல நோட்டு சட்டுனு செத்துப் போனா, எந்த இடத்துலன்னு கவனிங்க, இடம்தான் காரணத்தைச் சொல்லும்.

விரலே வைக்காம திறந்த கம்பியில மட்டும் அடிச்சு, ஒண்ணாவது ஃப்ரெட்ல புடிச்சதும் நின்னுருச்சுன்னா நட்டுல, அதாவது ஹெட்ஸ்டாக் (கம்பியை இறுக்குற முறுக்காணி இருக்குற தலைப்பகுதி) ஓரமா கம்பி உக்கார்ற அந்த வெள்ளைத் துண்டுல, பள்ளம் ஆழமாயிருச்சு. புது நட்டு போட்டா முடிஞ்சுது, சின்னச் செலவு.

ஒண்ணுல இருந்து அஞ்சு ஃப்ரெட் வரைக்கும் மட்டும் எல்லாக் கம்பியும் அடிக்குதுன்னா நெக் ரொம்ப நேரா, இல்ல பின்பக்கமா வளைஞ்சு இருக்கு. இதைப் பார்க்க, தடி ஈ கம்பியை ஒண்ணாவது ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்கிப் புடிச்சு, நடுவுல ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு இடைவெளி இருக்குன்னு பாருங்க. 0.2ல இருந்து 0.3 மில்லிமீட்டர் இருந்தா சரி, ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவுதான். கம்பி ஃப்ரெட்டை ஒட்டிக்கிட்டு இருந்தா ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள வளைவைச் சரி பண்ற உலோகத் தண்டு) தளர்த்தணும், இடப்பக்கமா. அரை மில்லிமீட்டருக்கு மேல தொங்குச்சுன்னா வலப்பக்கமா இறுக்கணும். ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல வேணாம், சுத்திட்டு மறுபடி ட்யூன் பண்ணிப் பாக்கணும். இன்னொருத்தர் கிட்டார்ல கேக்காம இதைச் செய்யாதீங்க, அவரையே செய்யச் சொல்லுங்க, அவர் செய்றதைப் பார்த்தாலே கிட்டாரை எப்படி வச்சிருந்தாருன்னு தெரிஞ்சுரும்.

ட்ரஸ் ராடுல ரெண்டு விஷயம் வந்தா எந்திரிச்சுருங்க. ஒண்ணு, ஏற்கனவே கடைசி வரைக்கும் இறுக்கியாச்சு, இன்னும் நெக் வளைஞ்சேதான் இருக்கு. இன்னொண்ணு, எந்தப் பக்கம் சுத்தினாலும் பிடிப்பே இல்லாம சும்மா சுத்துது, இல்ல ஆலன் கீ உள்ள வழுக்குது. ரெண்டாவதை ரிப்பேர் பண்ண ஆள் இருக்காங்க, ஆனா மலிவு கிட்டாருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும் அடிக்குதுன்னா, கோளாறு நீங்க அமுக்குற ஃப்ரெட்ல இல்ல, அதுக்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிட்டு இருக்கும், அங்கதான் கம்பி இடிக்குது. இப்ப அந்த ஏடிஎம் கார்டை எடுங்க. கம்பிகளுக்கு நடுவுல நுழைச்சு கார்டோட நீள ஓரத்தை மூணு ஃப்ரெட் மேல நிக்க வச்சு ஆட்டிப் பாருங்க. டொக் டொக்னு ஆடுச்சுன்னா நடு ஃப்ரெட் உயரம். மேல போகப் போக ஃப்ரெட் நெருங்கிரும், நீள ஓரம் நாலைந்தைத் தொட்டுரும், அப்ப குட்டை ஓரம், பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல அதுவும் நீளம்தான், அதுக்குத்தான் காலாவதியான கார்டு, வெட்டிக்கலாம். ஆடுற ஃப்ரெட்டை கட்டைவிரலால அழுத்தும்போது ஆட்டம் நின்னா அது காடியை விட்டுக் கிளம்பிருக்கு, லேசா தட்டி பசை விட்டா உக்காந்துரும். அழுத்தியும் அசையலைன்னா அதை மட்டும் ராவணும். ஒண்ணு ரெண்டுன்னா ஓகே, ஆறேழு ஆடுச்சுன்னா மொத்த ஃப்ரெட்டையும் ஒரே உயரத்துக்கு ராவி லெவலிங் பண்ணணும், அந்தக் கூலியை விலையில கழிச்சுப் பேசுங்க.

மேல் ஃப்ரெட்ல, அதாவது 15க்கு அப்புறம் மட்டும் அடிச்சா, மொதல்ல பிரிட்ஜ்ல (உடம்புப் பக்கம் கம்பி மாட்டுற இடம்) சேடில், அதாவது ஒவ்வொரு கம்பியும் உக்கார்ற சின்னத் துண்டு, ரொம்ப எறங்கிக் கிடக்கான்னு பாருங்க. பன்னெண்டாவது ஃப்ரெட்ல தடிக் கம்பிக்குக் கீழ சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்குக் கீழ சுமார் 1.5 மில்லிமீட்டர் இருந்தா சாதாரணமா வாசிக்க நல்லாருக்கும். சேடிலை அந்த உயரத்துக்கு ஏத்தியும் நிக்கலைன்னா நெக் உடம்போட சேர்ற இடத்துல ஃப்ரெட்போர்டு மேல எழும்பிருக்கு, அதுவும் ராவுற வேலைதான்.

பெண்ட் பண்ணும்போது, அதாவது கம்பியைப் பக்கவாட்டுல இழுக்கும்போது மட்டும் நோட்டு அறுந்து போகுதா? பழைய ஃபெண்டர் ஸ்டைல்ல ஃப்ரெட்போர்டு ரேடியஸ் 7.25 இன்ச், நல்லா உருண்டையா இருக்கும், அதுல ஆக்‌ஷனை (ஃப்ரெட்ல இருந்து கம்பியோட உயரம்) ரொம்ப இறக்கினா பெண்ட் பண்ற கம்பி மேட்டுல போய் இடிக்கத்தான் செய்யும். அது கோளாறு இல்ல, கொஞ்சம் தூக்கி வைக்கணும், அவ்வளவுதான். 12 இன்ச்சுக்கு மேல ரேடியஸ் உள்ள கிட்டார்ல இப்படி ஆனாதான் ஃப்ரெட்டைச் சந்தேகப்படணும்.

ஃப்ரெட் தேய்மானம் தனிக் கதை. மொதல் அஞ்சு ஃப்ரெட்ல கம்பிக்கு நேர் கீழ பாருங்க, குழி விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினா சிக்காத அளவுன்னா கவலையே வேணாம். சிக்குது, ஆனா ஃப்ரெட்ல உயரம் இன்னும் இருக்குன்னா லெவலிங்ல போயிரும். ஃப்ரெட்டே தட்டையாகி மரத்தோட ஒட்டிக் கிடந்தா ரீஃப்ரெட்தான், அதாவது ஃப்ரெட்டையே புதுசா மாத்தணும், மலிவு கிட்டாருக்கு அது பல நேரம் விலையில பாதியைத் தின்னுரும். நெக் ஓரத்துல கை ஓட்டும்போது ஃப்ரெட் முனை கீறுதுன்னா மரம் காஞ்சு சுருங்கிருக்கு, முனையை ராவினா போதும், இதுக்குப் போய் நல்ல கிட்டாரை விட்றாதீங்க.

நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சந்தேகமா இருக்கு

கிட்டாரைத் தூக்கி ஹெட்ஸ்டாக் பக்கமா ஒரு கண்ணை மூடிட்டு நெக் நீளத்துக்குப் பாருங்க. ரெண்டு ஓரமும் ஒண்ணுக்கொண்ணு இணையா போகணும். ஒரு ஓரம் எறங்கி ஒரு ஓரம் ஏறி முறுக்கிட்டுப் போச்சுன்னா ட்ரஸ் ராடால ஒண்ணும் பண்ண முடியாது. அது எவ்வளவு அழகா இருந்தாலும், எவ்வளவு மலிவா இருந்தாலும், வேணாம்.

கிப்சன், எபிஃபோன் மாதிரி ஹெட்ஸ்டாக் பின்னாடி சாஞ்ச கிட்டார்னா நட்டுக்குப் பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. லெஸ் பால்ல அந்தச் சாய்வு வழக்கமா 17 டிகிரி, கீழ விழுந்தா மொதல்ல உடையுற இடம் அதுதான், ட்ரஸ் ராடுக்காக அங்க மரத்தையும் குடைஞ்சிருப்பாங்க. ஒரு கோடு தெரிஞ்சா அது வார்னிஷ் வெடிப்பா மர வெடிப்பான்னு பாக்கணும். ஹெட்ஸ்டாக்கை மெதுவா முன்னும் பின்னும் அழுத்துங்க, கோடு திறந்து மூடுச்சுன்னா மரம். ஒழுங்கா ஒட்டின பழைய உடைப்பு பல வருஷம் நிக்கும், சொல்லப் போனா அப்படி ஒட்டினதை நல்லா விலை குறைச்சு வாங்கினா லாபம்தான், ஏன்னா வாசிக்கும்போது வித்தியாசமே தெரியாது. கேட்டப்ப "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு அப்புறம் டார்ச்ல மாட்டினாருன்னா மத்த எதையும் நம்ப வேணாம்.

ஸ்க்ரூ போட்ட நெக் ஆடுதுன்னா பின்னாடி நாலு ஸ்க்ரூவை இறுக்கச் சொல்லுங்க. இறுகாம சுத்துதுன்னா ஓட்டை பெருசாயிருச்சு, பல்குச்சியும் மரப் பசையும் வச்சு அடைச்சு மறுபடி ஏத்தலாம்.

சுருதி நிக்க மாட்டேங்குது

துருப்பிடிச்ச கம்பின்னா மொதல்ல அதைத்தான் குத்தம் சொல்லணும், மேல மேல நாலு அடுக்கா சுத்தி வச்சிருந்தாலும் அப்படித்தான். கம்பி நல்லாத்தான் இருக்குன்னா ட்யூனரை (ஹெட்ஸ்டாக்ல இருக்குற முறுக்காணி) திருப்பும்போது காதை வச்சுக் கேளுங்க. டிங்னு ஒரு சத்தத்தோட சுருதி தாவுச்சுன்னா கம்பி நட்டுல சிக்கி விடுபடுது. இன்னும் உறுதி பண்ணணும்னா கம்பியை நல்லா பெண்ட் பண்ணி விடுங்க, சுருதி எறங்கியிருக்கும், இப்ப நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவுல கம்பியை விரலால ஒரு அமுக்கு அமுக்குங்க. பழைய இடத்துக்கு ஏறிடுச்சுன்னா நட்டுதான் குற்றவாளி. பள்ளத்துல பென்சில் கரியைத் தேய்ச்சாலே பாதி சரியாகும், மீதிக்குப் பள்ளத்தை லேசா அகலப்படுத்தணும். பொதுவா எல்லாரும் ட்யூனர் செட்டை மாத்தச் சொல்வாங்க, என் அனுபவத்துல ட்யூனர் மேல தப்பு இருக்குறது கம்மி. மாத்துறதுன்னாலும் ஓட்டை அளவும் ஸ்க்ரூ இடமும் பொருந்துதான்னு பார்த்து வாங்கணும்.

ட்ரெமலோ பார் (பிரிட்ஜை அசைச்சு சுருதியை ஆட்டுற கைப்பிடி) அமுக்கினா மட்டும் சுருதி போகுதுன்னா நட்டோட சேர்த்து பிரிட்ஜையும் பாருங்க. ரெண்டு போஸ்ட் மேல நிக்குற பிரிட்ஜ்ல போஸ்ட் முன்பக்கமா சாஞ்சிருக்கா, போஸ்ட்டைச் சுத்தி மரத்துல வெடிப்பு இருக்கான்னு பாருங்க, இருந்தா மர வேலை, விட்டுருங்க. பிரிட்ஜ் பின்பக்கம் ரொம்ப எழும்பி நின்னா பின் மூடிக்குள்ள இருக்குற ஸ்ப்ரிங் இழுவையைக் கூட்டினா போதும், ரெண்டு ஸ்க்ரூ. ஃப்ளாய்ட் ரோஸ்னு கம்பியைப் பூட்டி வைக்கிற ட்ரெமலோ பிரிட்ஜ் டைப்ல போஸ்ட்டைத் தொடுற கத்தி முனை மழுங்கிருந்தா அது எப்பவும் ஒரே இடத்துக்குத் திரும்பாது. நேரா சொல்லணும்னா, மொதல் கிட்டார்னா ஃப்ளாய்ட் ரோஸ் பக்கமே போகாதீங்க, கம்பி சைஸை மாத்தினாலே மொத்த பேலன்ஸும் போயிரும், வாசிக்கிறதை விட ஸ்பானர் புடிக்கிற நேரம் ஜாஸ்தியாகும்.

சுருதி நிக்குது, ஆனா மேல கார்டு புடிச்சா அபஸ்வரமா இருக்கா? பன்னெண்டாவது ஃப்ரெட்ல கம்பியை அமுக்காம லேசா தொட்டு வாசிக்கிற ஹார்மோனிக்கும் அமுக்கின நோட்டும் ட்யூனர்ல ஒண்ணா வரணும். அமுக்கின நோட்டு ஏறிக் காட்டினா சேடிலைப் பின்னாடி நகர்த்தணும், எறங்கிக் காட்டினா முன்னாடி. சேடில் நகர இன்னும் இடம் இருக்கான்னு மட்டும் பாருங்க. புதுக் கம்பி போட்டும், கடைசி வரைக்கும் தள்ளியும் ஏறியே காட்டுதுன்னா பிரிட்ஜையே யாரோ இடம் மாத்தி வச்சிருக்கலாம்.

ஆம்ப்ல சத்தமே வரல, இல்ல விட்டு விட்டு வருது

மொதல்ல உங்க கேபிள். அப்புறம் வால்யூம் முழுசா இருக்கான்னு, அப்புறம் பிக்கப் (கம்பிக்குக் கீழ இருக்குற காந்தச் சுருள்) ஸ்விட்ச்சை ஒவ்வொரு இடத்துலயும் வச்சு, ஸ்க்ரூ டிரைவர் முனையால ஒவ்வொரு பிக்கப்போட இரும்பு முனையையும் மெதுவா தட்டுங்க. டொப்னு ஆம்ப்ல கேட்டா பிக்கப் உயிரோட இருக்கு. ஒண்ணுல மட்டும் கேக்கலைன்னா ஸ்விட்ச்சை நாலஞ்சு தடவை வேகமா முன்னும் பின்னும் ஆட்டிட்டு மறுபடி தட்டுங்க, பல நேரம் ஸ்விட்ச்ல படிஞ்ச அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர்ல முடிஞ்சுரும்.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம், கிட்டாரைத் திறக்கவே வேணாம். கேபிளை கிட்டார்ல மட்டும் குத்தி, வால்யூமும் டோனும் முழுசா வச்சு, மறுமுனை ப்ளக்கோட நுனியிலயும் தண்டுலயும் மீட்டரை வைங்க. சிங்கிள் காயில் (ஒரே சுருள் உள்ள பிக்கப்) சுமார் 5.5ல இருந்து 7 கிலோ ஓம், சாதா ஹம்பக்கர் (ரெண்டு சுருள் உள்ளது) 7.5ல இருந்து 8.5, அதிக சத்தம் தர்ற ஹாட் பிக்கப்னா 14, 16 கூட வரும். 250 கிலோ ஓம், 500 கிலோ ஓம் பக்கம் போய் நின்னா நீங்க பாக்குறது வால்யூம் நாபுக்குக் கீழ இருக்குற பொட்டென்ஷியோமீட்டரோட எதிர்ப்பு மட்டும்தான், பிக்கப் ஒயரோ காயிலோ அறுந்திருக்கு. பூஜ்யம் காட்டினா எங்கயோ ஷார்ட். ஹம்பக்கர் 4 காட்டுதுன்னா பதறாதீங்க, வால்யூம் நாபையோ டோன் நாபையோ இழுத்து வச்சிருக்காங்களான்னு பாருங்க, காயில் ஸ்ப்ளிட் (ஒரு சுருள் மட்டும் வேலை செய்றது) ஆன்ல இருக்கும். பேட்டரியில ஓடுற ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதுல சத்தம் மங்கி, கரகரன்னு உடைஞ்சு வந்தா 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துருச்சு, கேபிளைக் குத்தியே வச்சிருந்தா வாசிக்காமலே தீரும்.

கேபிளை ஆட்டினா வருது, விட்டா போகுதுன்னா ஜாக். வெளிய இருக்குற மறை லூஸாகி ஜாக்கே சுத்தும், அப்படிச் சுத்திச் சுத்தி உள்ள ஒயர் முறுக்கி அறுந்திருக்கும். இந்த ஒரு சின்னக் கோளாறாலயே "போர்டு போச்சு"ன்னு நெனச்சு நல்ல கிட்டாரை அடி விலைக்குத் தள்ளி விடுறவங்க இருக்காங்க. புது ஜாக் போட்டு ரெண்டு சால்டர் வச்சா வேலை முடிஞ்சுது, மறையை இறுக்கும்போது ஜாக்கை உள்ள இருந்து புடிச்சுக்கணும், இல்லைன்னா மறுபடி அதே கதை.

நாபைத் திருப்பினா கரகரன்னா பொட்டென்ஷியோமீட்டருக்குள்ள தூசி. கான்டாக்ட் கிளீனர். அவ்வளவுதான்.

ஹ்ஹ்ம்ம்னு இரைச்சல்

கம்பியைத் தொட்டுப் பாருங்க. தொட்டதும் குறைஞ்சா கிரவுண்ட் சரியா இருக்கு, சிங்கிள் காயில்னா மிச்சமிருக்குற இரைச்சல் அதோட பிறவிக் குணம், நீங்க நின்ன இடத்துலயே கிட்டாரோட திரும்பினா கூடிக் குறையும். தொட்டும் ஒரு மாற்றமும் இல்லைன்னா பிரிட்ஜுக்குப் போற கிரவுண்ட் ஒயர் விட்டுருச்சு. தொட்டதும் ஜாஸ்தியாச்சுன்னா யாரோ ஜாக்ல ஒயரை மாத்தி வச்சிருக்காங்க. ரெண்டுமே சால்டரிங் அயர்ன் சூடாகுற நேரத்துல தீருற வேலை. ஆனா கம்பியைத் தொட்டா சுரீர்னு ஷாக் அடிச்சா உடனே கையை எடுத்து ஆம்ப்பைப் பிளக்ல இருந்து கழட்டச் சொல்லுங்க, அது கிட்டார் கோளாறு இல்ல, ஆம்ப்லயோ வீட்டு எர்த்துலயோதான் கோளாறு, அங்க மேல எதையும் டெஸ்ட் பண்ணாதீங்க.

ரெண்டு பிக்கப்பும் சேர்த்துப் போட்டா மட்டும் சத்தம் ஒல்லியா, மூக்கால பேசுற மாதிரி வருதா? யாரோ பிக்கப் மாத்தும்போது ஒரு பிக்கப்போட ஒயரைத் தலைகீழா வச்சுட்டாங்க, ஃபேஸ் அடிச்சுக்குது. மேல் ஃப்ரெட்ல தடிக் கம்பி நோட்டு ரெண்டு சுருதியா அலைஞ்சுதுன்னா பிக்கப் ரொம்ப மேல இருக்கு, காந்தம் கம்பியை இழுக்குது, ஸ்க்ரூவைத் திருகி இறக்கினா சரி.

எல்லாம் சரியா இருக்கு, விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் கம்மி

ஹெட்ஸ்டாக்ல கிப்சன்னு எழுதியிருந்தா ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்க. கிப்சன்ல அந்த மூடிக்கு வழக்கமா ரெண்டு ஸ்க்ரூ, போலியில பல நேரம் மூணு இருக்கும். எபிஃபோன்லயும் மூணு உண்டு, அதனால இதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாது. மூடியைக் கழட்டச் சொல்லுங்க. உள்ள பித்தளை நிறத்துல அறுகோண மறை இருந்து, சாக்கெட் ஸ்பானர் வச்சுத் திருப்புற மாதிரி இருந்தா கிப்சன் முறை, ஆலன் கீ போடுற ஓட்டை இருந்தா பெரும்பாலும் டூப்ளிகேட். சீரியல் நம்பரை வச்சு மட்டும் நம்பிறாதீங்க, போலி பண்றவங்க நெஜ கிட்டார் நம்பரையே காப்பி அடிச்சுப் போடுவாங்க. மூடியைக் கழட்ட ஒரு நிமிஷம் கூட ஆகாது, அதுக்குப் போய் அவர் யோசிச்சாருன்னா கேபிளைச் சுருட்டிட்டுக் கிளம்பிருங்க.